நகலெடுக்காமல் பெறுதல்

இன்று உலகின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் செய்திகள் நொடிப்பொழுதில் செல்கின்றன. அவை 'பாக்கெட்' எனப்படும் சிறு சிறு பொதிகளாகவே வருகின்றன. வந்த பொதியைக் கணிப்பொறி எவ்வாறு பெற்றுக்கொள்கிறது என்பதைச் சற்று ஆராய்வோமா?

கம்பி வழியே வரும் பொதியை நெட்வொர்க் அட்டை தானே நினைவகத்தில் வைத்துவிடுகிறது. இதற்கென இயக்க முறைமையின் 'டிரைவர்' என்னும் பகுதி, வளையம்போல் வரிசையாக இடங்களை முன்னரே ஒதுக்கி வைத்திருக்கும். பின்பு இயக்க முறைமை அப்பொதியை நகலெடுத்து, அதைக் கேட்ட நிரலின் இடத்தில் வைக்கும். இதுவே வழக்கமான முறை.

இதை நம் விடுதி உணவறையோடு ஒப்பிடலாம். சமையலறையிலிருந்து தட்டில் வரும் உணவை ஒருவர் வேறொரு தட்டிற்கு மாற்றி நமக்குத் தருவது போன்றது இது. நான்கு பேருக்கு என்றால் தொல்லையில்லை. நானூறு பேர் வரிசையில் நின்றால்?

நொடிக்கு 1,000 கோடி பிட்டுகள் செல்லும் ஈதர்நெட் இணைப்பில், மிகச் சிறிய 64 பைட் பொதிகள் நொடிக்கு 1 கோடியே 48 லட்சத்துக்கு மேல் வரக்கூடும். ஒரு பொதிக்குக் கிடைக்கும் நேரம் சுமார் 67 நானோ நொடிதான். அதாவது, ஒரு நொடியை நூறு கோடிக் கூறுகளாக்கினால் அவற்றுள் 67 கூறுகள்!

இத்தாலியின் பைசா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயிஜி ரிஸ்ஸோ என்பவர், 'நெட்மேப்' என்னும் முறையைப் பற்றி 2012-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அம்முறையில், பொதிகள் வந்து சேரும் இடமே நிரலுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகிறது. எனவே நகலெடுக்கும் வேலை இல்லை. பல பொதிகளுக்கும் சேர்த்து ஒரே முறை இயக்க முறைமையை அழைத்தால் போதும். இவ்வாறு 900 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடிய ஒரே செயலிக் கரு அத்தனை பொதிகளையும் பெற்றுக்கொண்டது! லினக்ஸிலும் 2018-ல் 'ஏஎஃப் எக்ஸ்டிபி' என்னும் இத்தகைய வசதி சேர்க்கப்பட்டது.

ஆனால், இதில் ஒரு கடமையும் உண்டு. உணவை வேறு தட்டிற்கு மாற்றினால் முதல் தட்டு உடனே காலியாகிவிடும். அதே தட்டில் நாம் உண்டாலோ, திருப்பித் தரும்வரை அது சமையலறைக்குக் கிடைக்காது. அதுபோலவே, நிரல் தான் பெற்ற இடங்களைத் தாமதமாகத் திருப்பினால் வளையம் நிரம்பிவிடும். அடுத்து வரும் பொதிகள் இடமின்றித் தொலைந்துபோகும். அது அனுப்பியவர் குற்றமும் அன்று. கம்பியின் குற்றமும் அன்று.

ஆகவே, விரைந்து பெறுவது மட்டும் திறமையாகாது. உரிய நேரத்தில் திருப்பித் தருவதும் வேண்டும். இன்றிரவு உணவு முடிந்து தட்டைக் கழுவி அடுக்கும்போது, நமக்குப் பின்னால் பசியோடு நிற்கும் தங்கையரை நினைப்போமாக!

— பத்தாம் வகுப்பு மாணவி