பத்திரம் பதிவானால் நிலம் சொந்தமாகிவிடுமா?

"அதான் ரிஜிஸ்டர் ஆயிடுச்சே சார், கவர்மெண்டே ஒத்துக்கிட்ட மாதிரிதானே?"

இதை பனித்திட்டு டீக்கடையில் கேட்டேன், கிருமாம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் கேட்டேன். போன மாதம் வில்லியனூரில் ஒரு கல்யாணப் பந்தியிலும் கேட்டேன். பாகூர் பக்கம் முப்பது வருடம் நிலம் அளந்தவன் நான். இனியும் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

அரசு எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. ரிஜிஸ்டர் ஆபீசில் பார்ப்பது, கையெழுத்துப் போடுகிறவர் அவர்தானா, முத்திரைத் தீர்வை கட்டியாயிற்றா, சாட்சிகள் வந்தார்களா, சொத்து விவரம் எழுதியிருக்கிறதா என்பவைதான். அந்த நிலம் விற்கிறவருக்குச் சொந்தமா என்று தீர்ப்புச் சொல்வது சார்பதிவாளரின் வேலை அல்ல. தமிழ்நாட்டில் அந்த வேலையை அவருக்குக் கொடுக்க 55-ஏ என்று ஒரு விதி போட்டார்கள். 2025 ஏப்ரல் 7 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராயும் அதிகாரம் பதிவு அலுவலருக்கு இல்லை, உரிமையே இல்லாதவர் எழுதிக் கொடுத்தால் வாங்கியவருக்கும் எந்த உரிமையும் போய்ச் சேராது என்று தெளிவாகச் சொன்னது. விதி தமிழ்நாட்டுடையது. ஆனால் அடிப்படையான 1908-ஆம் வருடப் பதிவுச் சட்டம் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் ஒன்றுதான்.

பதிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நூறு ரூபாய்க்கு மேல் போகும் நிலத்தைப் பதிவில்லாமல் கிரயம் செய்யவே முடியாது. ஆனால் பதிவு என்பது வாசல்படி. அதைத் தாண்டியதும் வீடு நமக்கென்று ஆகிவிடாது.

மீனவக் குடும்பத்து அம்மா ஒருவர் பத்திரத்தை மஞ்சள் பையில் போட்டு எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நகையை விற்று வாங்கிய மனை. "முத்திரையெல்லாம் இருக்குது தம்பி, நீயே பாரு" என்றார். முத்திரை இருந்தது. நில அளவைப் புலப்படத்தை விரித்து அளந்தேன். மனையின் கிழக்குப் பக்கம் பாதி, வாய்க்கால் புறம்போக்கு. நாலெல்லை எழுதிய இடத்தில் வாய்க்கால் என்ற சொல்லே இல்லை. தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்டேன். பிரெஞ்சுக் காலத்து நொத்தேர் (நோட்டரி) பத்திரம், யாருக்கும் படிக்கத் தெரியாது, அதனால் கேட்கவில்லை என்றார். படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்! புதுச்சேரியில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவருக்கா பஞ்சம்?

பட்டாவிலும் இதே மயக்கம்தான். வருவாய்க் கணக்கில் யார் பெயர் ஓடுகிறது என்பதைக் காட்டும் காகிதம் அது. அதுவே கிரயமாகிவிடாது, உரிமையை உண்டாக்காது என்று நீதிமன்றங்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டன. பட்டா, தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, புலப்படம் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாவிட்டால் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பவர் வாங்கினால் நிலம் வாங்கின மாதிரி என்பதும் பொய். 2011-லேயே உச்ச நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது. பன்னிரண்டு வருடம் குடியிருந்தால் சொந்தம் என்கிறார்கள். வாடகைக்கோ குத்தகைக்கோ, சொந்தக்காரர் விட்டதாலோ இருப்பவருக்கு அது பொருந்தாது. அரசு நிலமென்றால் கணக்கு முப்பது வருடம். கடலோர மனைக்குப் பட்டா இருந்தால் எதையும் கட்டலாம் என்பது இன்னொன்று. உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின் கட்டுப்பாடு இருக்கிறது. பனித்திட்டுக்காரர்களுக்கு இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

குழிக் கணக்கிலும் ஏமாறுகிறார்கள். நம் ஊர்க் குழி 576 சதுர அடி, தஞ்சாவூர்ப் பக்கத்துக் குழி 144. வெளியூர்க்காரரிடம் பேசும்போது சதுர அடியில் எழுதி வாங்குங்கள்.

அந்த அம்மாவின் வாய்க்காலுக்கு வருகிறேன், என் மனம் அங்கேதான் நிற்கிறது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து தென்பெண்ணைத் தண்ணீர் பங்காரு வாய்க்கால் வழியாக பாகூர் ஏரிக்கு வருகிறது. ஏரி மதகிலிருந்து கிளை வாய்க்காலாகப் பிரிந்து வயலுக்குப் போகிறது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொன்னது இந்தத் தண்ணீரால்தான். நஞ்சையை மனையாகப் பிரிக்கிறவர்கள் முதலில் மண்ணைக் கொட்டுவது கிளை வாய்க்காலில். காகிதத்தில் அது ஒரு மெல்லிய இரட்டைக் கோடு, கோடை மாதத்தில் வெறும் பள்ளம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளமும் பாகூர் கிராமங்களுக்குள் வந்தது. வடிய வழியில்லாத தண்ணீர் பதிவான பத்திரமா பதிவாகாததா என்று பார்த்து வீட்டுக்குள் நுழைவதில்லை.

வருவாய்த் துறையும் கொம்யூன் பஞ்சாயத்தும் சேர்ந்து ஒவ்வொரு வாய்க்காலின் இரு கரையிலும் கல் நட வேண்டும். ஊரார் கூடவே நின்று பார்க்க வேண்டும். அளவைக் கல் இருக்கிற வாய்க்காலை மனையாக விற்க யாருக்கும் துணிச்சல் வராது. வேலை செய்த காலத்திலேயே இதைக் கேட்டேன். இப்போதும் கேட்கிறேன்.

அதுவரை, மனை வாங்கப் போகிறவர்கள் புலப்பட நகலோடு என் வீட்டுக்கு வாருங்கள். ஞாயிறு காலை பத்து மணி வரை திண்ணையில்தான் இருப்பேன்.