குருதி சொல்வதும் விரல் சொல்வதும்

நள்ளிரவில் கை மரத்துப்போய் விழித்து, அதை உதறிவிட்டு மீண்டும் உறங்கும் பெண்கள் நம் வீடுகளில் பலர். "ரத்தம் செக் பண்ணிப் பார்த்தாச்சு, ஒண்டுமில்லையாம்" என்று அதை அப்படியே விட்டுவிடுபவர்களும் உண்டு. குருதி அறிக்கை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை அறிந்துகொள்ள இந்த நோய் நல்லதோர் எடுத்துக்காட்டு. வைத்தியர்கள் இதனைக் கார்ப்பல் டனல் சின்ட்ரோம் என்பர்.

மணிக்கட்டின் உள்ளங்கைப் பக்கத்தில் ஓர் ஒடுங்கிய சுரங்கம் இருக்கிறது. அதன் தரையும் சுவர்களும் சிறிய என்புகள். கூரை ஒரு தடித்த நார்ப்பட்டி. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் நடு நரம்பும் இதனூடாகவே செல்கின்றன. என்பும் பட்டியும் விரிந்து கொடுப்பதில்லை. எனவே உள்ளே சற்று வீங்கினாலும் நெரிபடுவது மென்மையான நரம்புதான். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி ஆகியவை மரக்கும். சின்னவிரலுக்கு வேறு நரம்பு என்பதால் அது தப்பிவிடும்.

இந்த வீக்கத்துக்குக் காரணம் என்ன? இங்கேதான் குருதி உதவுகிறது. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சீனி அளவைக் காட்டும் ஏ1சி பரிசோதனை மறைந்திருக்கும் நீரிழிவை வெளிப்படுத்தலாம். தைரொயிட்டுச் சுரப்பு குறைந்தால் இழையங்களில் நீர் தேங்கும். டீஎஸ்எச் பரிசோதனை அதைக் காட்டும். மூட்டுவாதம் இருந்தால் சீஆர்பி என்னும் புரதம் உயரலாம். கர்ப்ப காலத்திலும் இந்நோய் வருவதுண்டு. பிள்ளை பிறந்தபின் பெரும்பாலும் தணிந்துவிடும்.

ஆனால் நரம்பு எவ்வளவு நெரிந்துள்ளது என்பது வேறு கேள்வி. குருதியிலுள்ள நடுநிலைநாடிகளுக்கும் நிணநீர்க்குழியங்களுக்கும் இடையிலான விகிதம் நோயின் கடுமையைக் காட்டுமா என்று ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். முடிவுகள் ஒத்துப்போகவில்லை. அதில் வியப்பில்லை. காய்ச்சல் வந்தாலும் பல்லில் சீழ் கட்டினாலும் அந்த விகிதம் மாறும். அதுமட்டுமல்ல, பெரும்பாலான நோயாளரின் சுரங்கத்திலிருந்து எடுத்த இழையத்தில் அழற்சிக் கலங்களைவிட நார்த்தடிப்பும் நீர்க்கோப்புமே அதிகம் காணப்படுகின்றன. அழற்சியே குறைவான இடத்தின் செய்தியை, உடல் முழுதும் ஓடும் குருதியில் எப்படித் தேடுவது? காயமுற்ற நரம்பிழைகள் வெளிவிடும் புரதங்களையும் இன்று அளக்க முடியும். ஆயினும் அவை எந்த நரம்பிலிருந்து வந்தன என்று பெயர் சொல்லி வருவதில்லை.

கடுமையை அளக்க நரம்பையே கேட்க வேண்டும். நரம்புக் கடத்தல் பரிசோதனையில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்து, செய்தி மணிக்கட்டைக் கடக்க எத்தனை மில்லிசெக்கன் எடுக்கிறது என்று பார்ப்பார்கள். முதலில் வேகம் குறையும். நோய் முற்றினால் சமிக்ஞையின் அளவே சுருங்கும். இதற்கு முன்பே கையும் சில அடையாளங்களைக் காட்டும். மணிக்கட்டை 60 செக்கன் மடக்கி வைத்தால் விரல் மரக்கிறதா? தேங்காய் துருவும்போதும் தைக்கும்போதும் விரல் கூசுகிறதா? ஊசியோ பொத்தானோ கைநழுவுகிறதா? பெருவிரலின் அடியிலுள்ள சதைமேடு மற்றக் கையைவிடத் தட்டையாகத் தெரிகிறதா?

கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்றால், குருதி அறிக்கை எப்படி இருந்தாலும் தாமதிக்கக் கூடாது. ஆரம்ப நிலையில் இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டை போதுமாக இருக்கலாம்; சிலருக்கு ஊசிமருந்து கொடுப்பார்கள். முற்றிய நிலையில் அந்த நார்ப்பட்டியை வெட்டி விடுவிக்கும் சத்திரசிகிச்சை தேவைப்படும். அதன்பின் இரவு வலி விரைவில் குறையக்கூடும், ஆனால் தேய்ந்துபோன சதை முழுமையாகத் திரும்பாமலும் போகலாம்.