இதயக் கோளாறுள்ள குழந்தைக்கு எக்ஸ்ரே, சி.டி.யா? பெற்றோர் கவனத்துக்கு

பிறவி இதயக் கோளாறுள்ள குழந்தைகளுக்கு எக்ஸ்ரே, சி.டி., ஆஞ்சியோ என்று பரிசோதனைகள் தொடர்ந்துகொண்டே இருக்கும். வளரும் உடலின் செல்களைக் கதிர்வீச்சு எளிதில் பாதிக்கும்; அளவு சேரச் சேரப் பிற்காலத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்பு சிறிது கூடும்.

அதற்காகத் தேவையான பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். இவற்றைச் செய்யுங்கள்:

1. தனி நோட்டில் தேதி, பரிசோதனை, கதிர்வீச்சு அளவு ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். மருத்துவர் மாறினாலும் மொத்தக் கணக்கு கையில் இருக்கும்.

2. பழைய படங்களையும் ரிப்போர்ட்டுகளையும் தவறாமல் எடுத்துச் செல்லுங்கள். அதே படத்தை மறுபடி எடுப்பது தவிரும்.

3. எக்கோ அல்லது எம்.ஆர்.ஐ. போதுமா என்று கேளுங்கள். முன்னது ஒலி அலையிலும் பின்னது காந்தப் புலத்திலும் இயங்குபவை. இரண்டிலும் எக்ஸ்ரே கதிர்வீச்சு இல்லை. பேஸ்மேக்கர் இருந்தால் எம்.ஆர்.ஐ.க்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

4. கருவியைக் குழந்தையின் எடைக்கேற்ப அமைத்தார்களா என்று விசாரியுங்கள். பெரியவர்களுக்கான அளவு குழந்தைக்கு மிகை. அமெரிக்காவில் 2008இல் தொடங்கிய ‘இமேஜ் ஜென்ட்லி’ இயக்கம் வலியுறுத்துவதும் இதையே.

5. அசையாமல் படுப்பதை வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்குங்கள். படம் கலங்கினால் மீண்டும் எடுக்க நேரும்.

6. கர்ப்பிணித் தாய் எக்ஸ்ரே அறைக்குள் உடன் செல்ல வேண்டாம், வேறொருவரை அனுப்புங்கள். கருவிலிருக்கும் சிசுவுக்கும் பாதுகாப்பு தேவை.

7. ஒற்றை மார்பு எக்ஸ்ரேக்கு அஞ்சாதீர்கள். சில நாட்களில் இயற்கையாகவே நம்மீது படும் கதிர்வீச்சின் அளவுதான் அது. சி.டி.யிலும் ஆஞ்சியோவிலும் அளவு பல மடங்கு என்பதால், கேள்விகளை அங்கே கேளுங்கள்.