பாசியைக் கொல்வதா, அகற்றுவதா?

நீலப்பச்சைப் பாசி என்றதும் நெல் பயிரிடும் அங்கத்தினர்களுக்கு நன்மையே நினைவுக்கு வரும். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பற்றி வயலுக்கு அளிக்கும் இனங்கள் அதில் உண்டு. ஆயினும் அதே குலத்தைச் சேர்ந்த வேறு சில இனங்கள், தேங்கிய நன்னீரில் அளவின்றிப் பெருகி நஞ்சை உண்டாக்குகின்றன. பெயரால் பாசியாயினும் இவை உண்மையில் பாக்டீரியா வகையைச் சேர்ந்தவை. குடிநீரில் இவற்றை எவ்வாறு கையாள வேண்டும் என்பதை ஆராய்வோம்.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் பாம் தீவு என்றொரு தீவு உள்ளது. அதன் குடிநீர் சாலமன் அணையிலிருந்து வந்தது. 1979-ஆம் ஆண்டில் அந்நீரில் பாசி அடர்ந்து, சுவையும் மணமும் கெட்டன. பாசியை ஒழிக்க அணையில் மயில்துத்தம் இட்டனர். போர்டோக் கலவைக்கு நாம் பயன்படுத்தும் அதே மயில்துத்தந்தான். சில நாட்களில் வாந்தியும், ஈரல் வீக்கமும், இரத்தக் கழிச்சலும் கண்டு 148 பேர் நோயுற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் குழந்தைகள். காரணம் உடனே விளங்கவில்லை. பின்னர் நடந்த ஆராய்ச்சியில், அணையிலிருந்த ஓர் இனப் பாசி ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்குவது தெரியவந்தது. சிலிண்ட்ரோஸ்பெர்மாப்சின் என்னும் அந்நஞ்சின் வேதியமைப்பு 1992-இல் வெளியாயிற்று.

மருந்திட்ட பின் நோய் வந்தது ஏன்? பாசியின் நுண்ணிய உயிரணுக்களுக்குள் நஞ்சு அடங்கியிருக்கிறது. அணு மடிந்தால் அதன் சுவர் உடைந்து, உள்ளிருக்கும் நஞ்சு நீரில் கரைந்துவிடுகிறது. கரைந்த நஞ்சைப் பிரிப்பது கடினம். எவ்வளவு நெருக்கமாக நெய்த துணியும் அதனைத் தடுக்காது.

கொதிக்கவைத்தாலும் பயனில்லை. அமெரிக்காவில் ஈரி ஏரி நீரை அருந்தும் டொலீடோ நகரில், 2014 ஆகஸ்டில் மைக்ரோசிஸ்டின் என்னும் பாசி நஞ்சு குழாய் நீரில் காணப்பட்டது. குடிக்கவேண்டாம் என்பதோடு, காய்ச்சவும் வேண்டாம் என்று மக்களுக்கு அறிவித்தனர். காய்ச்சுவதால் நஞ்சு அழிவதில்லை. நீர் வற்ற வற்ற அதன் செறிவே மிகும்.

ஆகவே, சுத்திகரிப்பில் வரிசை முக்கியம். முதலில் பாசி அணுக்களை உடையாமல் முழுமையாக நீக்கவேண்டும். சாயத் தொழிலில் நாம் அறிந்த படிகாரத்தை இட்டு, திரண்டு படியச்செய்து, மணலில் வடிகட்டுவர். எஞ்சிய நஞ்சை, இதற்கெனப் பதப்படுத்திய கரியால் ஈர்ப்பர். குளோரின் இடுவது இவற்றிற்குப் பிறகே. முன்னதாக இட்டால் மயில்துத்தம் செய்த கேட்டையே அதுவும் செய்யக்கூடும். அடுப்புக் கரி பதப்படுத்திய கரிக்கு ஈடாகாது. எனவே இது நீர் நிலையத்தில் செய்யவேண்டிய பணியேயன்றி, வீட்டில் செய்யத்தக்கதன்று.

அங்கத்தினர்கள் செய்யக்கூடியது யாது? நீர்நிலையில் பச்சை வண்ணம் கொட்டியது போல ஏடு படர்ந்திருந்தால் அந்நீரை அருந்தலாகாது, கால்நடைகளையும் இறக்கலாகாது. மருந்து தூவாமல் சுகாதார அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும். வயலில் மிகையாக இட்ட மணிச்சத்தும் தழைச்சத்தும் வடிந்து குளத்தைச் சேர்ந்தால், அவையே பாசிக்கு உணவாகும். உரத்தை அளவறிந்து இடுதல் செலவைக் குறைக்கும், குளத்தையும் காக்கும். ஒருவர் மட்டும் கடைப்பிடித்தால் போதாது. ஒரே குளத்தைச் சார்ந்த அனைவரும் கூடிச் செய்யவேண்டிய இதுவும் கூட்டுறவே ஆகும்.