அடுப்படிக் கையுறை

கொதிக்கும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்க நம் வீடுகளில் வழிகள் பல உண்டு. இடுக்கி இருக்கிறது, கரித்துணி இருக்கிறது, மடித்த செய்தித்தாள் இருக்கிறது. இவை எதுவும் கைக்கு எட்டாத வேளையில் சேலை முந்தானையோ துப்பட்டாவோ உதவிக்கு வருகிறது. இடுக்கியை இந்தி பேசும் பகுதிகளில் 'சாண்சி' என்றும் மராட்டியத்தில் 'பக்கட்' என்றும் அழைப்பர். பெயர் எதுவாயினும், விளிம்பு மெலிந்த பாத்திரத்தையே அது உறுதியாகப் பற்றும். ஓவனில் வைத்த கண்ணாடிப் பாத்திரத்தையும், கேக் வெந்த தகரத் தட்டையும், பிடி உருகிப்போன வாணலியையும் இடுக்கியால் தூக்குவது துணிச்சலே அன்றித் திறமை ஆகாது.

முந்தானையால் பிடிப்பது அதனினும் கொடிது. கையில் பற்றிய நுனி போக மீதித் துணி அடுப்பின் மேல் தொங்கும். அது செயற்கை இழையாக இருந்தால் எரிவதோடு நில்லாது, உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் ஏறத்தாழ 250 முதல் 260 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருகும். எரிவாயு அடுப்பின் சுடரோ அதைவிடப் பன்மடங்கு வெப்பம் உடையது. அடுப்படியில் நேரும் தீப்புண்களில் பல, இப்படி ஒரு நொடி அவசரத்தில் நேர்பவை. அந்த அவசரத்தைத் தவிர்க்கும் எளிய பொருளொன்றை நாமே தைத்துக்கொள்ளலாம். அதுவே அடுப்படிக் கையுறை.

தைக்கத் தொடங்குமுன் அது எவ்வாறு கையைக் காக்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். கையுறை வெப்பத்தைத் தடுத்து நிறுத்துவதில்லை, தாமதப்படுத்துகிறது. தட்டின் வெப்பம் துணியின் வழியே மெல்ல மெல்லக் கைக்கு வந்துகொண்டேதான் இருக்கும். அது வந்து சேர்வதற்குள் தட்டை மேடையில் இறக்கிவிடுகிறோம், அவ்வளவே. இந்தத் தாமதத்தை உண்டாக்குவது துணியைக் காட்டிலும் துணியின் இழைகளுக்கிடையே அகப்பட்டுக் கிடக்கும் காற்றுதான். அசையாத காற்று வெப்பத்தை மிக அரிதாகவே கடத்தும். ஆதலால் ஒரே கெட்டித் துணியைவிட, மென்மையான பல அடுக்குத் துணிகள் கையை நன்றாகக் காக்கின்றன. குளிர்காலத்தில் தடித்த ஒரு போர்வையைவிட இரண்டு மெல்லிய போர்வைகள் இதமாக இருப்பதும் இக்காரணத்தால்தான்.

காற்று இருந்த இடத்தில் நீர் புகுந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். நீர் வெப்பத்தைக் கடத்தும் திறன், அசையாத காற்றினுடையதைப்போல் இருபது மடங்குக்கும் மேற்பட்டது. ஈரக் கரித்துணியால் சூடான பாத்திரத்தைப் பிடித்தவர் அதைச் சட்டென்று கீழே விட்டுவிடுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். துணி தடிப்பாகத்தான் இருந்தது. அதனுள் காற்று இல்லை. மேடையைத் துடைக்கும் துணியும் பாத்திரம் பிடிக்கும் துணியும் ஒன்றாக இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

இனித் துணியைத் தேர்ந்தெடுப்போம். வெளிப்புறத்திற்கும் உட்புறத்திற்கும் நெருக்கமாக நெய்த பருத்தித் துணி ஏற்றது. பழைய படுக்கை விரிப்பு, பருத்திச் சேலை, கதர் வேட்டி என எதுவும் ஆகலாம். பருத்தி உருகாது. மிகு வெப்பத்தில் முதலில் பழுப்பேறும், பின்னர்க் கருகும். அந்த நிறமாற்றமே ஓர் எச்சரிக்கை. இடையில் வைக்கும் அடுக்குகளுக்குத் தேங்காய்ப்பூத் துவாலைக்கு இணை இல்லை. அதன் சிறு சிறு வளையங்கள் காற்றைப் பிடித்துவைப்பதற்கென்றே நெய்தவை போல் இருக்கும். பழைய கம்பளிச் சட்டை கிடைத்தாலும் பயன்படுத்தலாம். கம்பளி எளிதில் தீப்பற்றாது. கடையில் கிடைக்கும் வெள்ளிப் பூச்சுத் துணியை நம்பி அடுக்குகளைக் குறைப்பது சரியன்று. அந்தப் பளபளப்பு, தொலைவிலிருந்து வரும் வெப்பக் கதிரைத்தான் திருப்பி அனுப்பும்; தொட்டுப் பிடிக்கும் தட்டின் வெப்பத்திற்கு அடுக்குகளே காவல்.

துணி பருத்திதானா என்ற ஐயம் எழுந்தால், அதிலிருந்து ஓரிரு இழைகளை உருவி, பெரியவர் ஒருவர் அருகிலிருக்க, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் இடுக்கியால் பிடித்துக் கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி இழை காகிதம் போல் எரிந்து, காகிதம் எரியும் மணத்துடன் மென்மையான சாம்பலாகும். செயற்கை இழை சுடரைக் கண்டதும் சுருங்கி, உருகி, ஆறியபின் கடினமான மணியாகத் திரளும். மணி திரண்டால் அந்தத் துணி கையுறைக்கு வேண்டாம். தைக்கும் நூலும் பருத்தியாகவே இருக்கட்டும். தேர்ந்த துணிகளை ஒருமுறை துவைத்துக் காயவைத்த பின்னரே வெட்ட வேண்டும்; இல்லையேல் முதல் சலவையில் உள்ளடுக்கு ஒருபுறமும் வெளியடுக்கு ஒருபுறமுமாகச் சுருங்கிக் கையுறை கோணிக்கொள்ளும்.

பழந்துணிகளை அடுக்கித் தைக்கும் இந்தக் கலை நம் நாட்டிற்குப் புதிதன்று. வங்காளத்தின் காந்தா, பழைய சேலைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பரப்பி ஓட்டுத்தையலால் இணைத்த போர்வையே. அதற்குரிய வண்ண நூலைக்கூடச் சேலைக் கரைகளிலிருந்து உருவி எடுப்பது பழைய வழக்கம். பீகாரில் சுஜனி, மராட்டியத்தில் கோதடி, கர்நாடகத்தின் உத்தர கன்னடப் பகுதியில் சித்தி இன மகளிர் தைக்கும் கவந்தி என, பெயரும் அழகும் மாறினாலும் அடிப்படை ஒன்றே. நாம் தைக்கப்போகும் கையுறையும் ஒரு சிறு காந்தாதான்.

முதலில் செய்தித்தாளில் மாதிரி வரைக. நான்கு விரல்களையும் சேர்த்து, கட்டை விரலை மட்டும் விலக்கி, கையைத் தாளின்மேல் வைத்துச் சுற்றிலும் கோடிட வேண்டும். அக்கோட்டிலிருந்து 4 செ.மீ. தள்ளி மற்றொரு கோடு வரைக. இது மிகையாகத் தோன்றும். ஆனால் 1.5 செ.மீ. தையலுக்குப் போய்விடும், மீதியில் பெரும்பகுதியைத் துணியின் தடிப்பே தின்றுவிடும். மணிக்கட்டுக்குக் கீழே 12 செ.மீ. நீளம் சேர்த்துக்கொள்க. ஓவனுள் கையை நீட்டும்போது மேல்தட்டின் கம்பி முன்கையில் படாமலிருக்க இந்த நீளம் தேவை. வாய்ப்பகுதியைக் குறுக்கிவிடாதீர்கள். சூடு உறைத்தவுடன் கையை ஓர் உதறு உதறினால் உறை தானே கழன்று விழ வேண்டும். கைக்கு இறுக்கமாகப் பொருந்துவது ஆடைக்கு அழகாக இருக்கலாம். அடுப்படிக் கையுறைக்கு அது பெருங்குறை.

மாதிரி ஆயத்தமானதும் துணியைக் கை வடிவில் வெட்டக் கை பரபரக்கும். சற்றுப் பொறுக்க வேண்டும். அடுக்குகளைச் சேர்த்துத் தைக்கும்போது துணி எல்லாப் பக்கமும் சிறிது உள்வாங்கும். ஆகவே முதலில் தைத்து, பின்னரே வடிவம் வெட்டுவது அறிவுடைமை. மாதிரியைவிடச் சுற்றிலும் 3 செ.மீ. பெரிதாக நீள்சதுரத் துண்டுகள் வெட்டுக. வெளித்துணி ஒன்று, அதன் அடியில் துவாலை இரண்டு என அடுக்கி, குண்டூசிகளால் நிறுத்தி, மூலைவாக்கில் ஓட்டுத்தையல் இடுக. இவ்வாறு இரண்டு தொகுதிகள் வேண்டும்: ஒன்று உள்ளங்கைக்கு, மற்றொன்று புறங்கைக்கு. தையல் வரிகளுக்கிடையே 3 அல்லது 4 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். அழகு கருதி நெருக்கமாகத் தைத்தால், ஒவ்வொரு வரியிலும் துணி அமுங்கிக் காற்று வெளியேறிவிடும். கண்ணுக்கு இனிய கையுறை கையைச் சுடும்.

இனி இரண்டு தொகுதிகளின் நல்ல பக்கங்களும் ஒன்றையொன்று நோக்குமாறு வைத்து, மாதிரியை மேலே வைத்து, இரண்டையும் சேர்த்தே வெட்டுக. தனித்தனியே வெட்டினால் இரண்டும் ஒரே திசைக் கட்டை விரலோடு வந்து நிற்கும், இணை சேராது. வாய்ப்பகுதியை விட்டுவிட்டு, ஓரத்திலிருந்து 1.5 செ.மீ. உள்ளே சுற்றிலும் கெட்டித்தையல் இட வேண்டும். தையல் இயந்திரம் இருப்பின் 16ஆம் எண் ஊசியைப் பொருத்தி, தையல் நீளத்தைச் சற்றுக் கூட்டி, மெல்ல ஓட்டுக. கையால் தைப்போர் நடுவிரலில் விரலுறை அணிவது நல்லது. நான்கு அடுக்குத் துவாலை ஊசியை எளிதில் விடாது.

கட்டை விரலும் மற்ற விரல்களும் பிரியும் கவட்டுப்பகுதியே இவ்வேலையில் கடினமான இடம். அங்கே சிறு சிறு தையலாக இருமுறை தைக்க வேண்டும். பின்னர் அவ்விடத்தில், தையல் கோட்டுக்கு 2 மி.மீ. இருக்கும்வரை கத்தரியால் ஒரு வெட்டு விடுக. இதனை விடாவிட்டால், உறையைத் திருப்பியதும் அங்கே துணி விரிந்து கொடுக்க இடமின்றிச் சுருக்கு விழும். கட்டை விரல் மடங்காது. தையலுக்கு வெளியே உள்ள துவாலையை 5 மி.மீ. அளவுக்குக் குறைத்துவிட்டு, மரக்கரண்டிக் காம்பால் விரல் நுனிகளைத் தள்ளி உறையைத் திருப்புக. கூர்மையான கத்தரி முனையால் தள்ளினால் தையல் கிழியும்.

உட்துணியையும் இவ்வாறே வெட்டித் தைக்கலாம். ஆனால் தையலை 3 மி.மீ. கூடுதலாக உள்ளே தள்ளி இடுக. உட்புறம் சற்றே சிறியதாக இருந்தால்தான் மடிப்பு விழாது. அதனைத் திருப்பாமலே வெளியுறைக்குள் நுழைத்து, விரல் நுனியிலும் கட்டை விரல் நுனியிலும் இரண்டிரண்டு தையலால் பிணைத்துவிடுக. இல்லையேல் ஒவ்வொரு முறை கையை எடுக்கும்போதும் உட்துணியும் கூடவே வெளிவந்துவிடும். வாய்க்கு, துணியின் மூலைவாக்கில் வெட்டிய 5 செ.மீ. அகலப் பட்டியைச் சுற்றித் தைக்க வேண்டும். மூலைவாக்குப் பட்டி இழுவை உடையதாகையால் வளைவுக்கு வளைந்து கொடுக்கும். தொங்கவிட ஒரு வளையம் சேர்த்தால் வேலை முடிந்தது. துவாலை அடுக்குகளை இரண்டுக்கு மேல் கூட்ட வேண்டாம். விரல் மடங்காத கையுறை, தட்டைக் காலில் போட்டுவிடும்.

முதன்முறை தைப்பவர்கள் கையுறைக்கு முன் 20 செ.மீ. சதுரப் பிடிதுணி ஒன்று தைத்துப் பார்ப்பது நலம். கவட்டும் இல்லை, திருப்புவதும் இல்லை. உண்மையில் பல வீடுகளுக்கு அதுவே போதும். தையல் பெண்களுக்குரியது என்று மாணவர் எவரும் ஒதுங்க வேண்டியதுமில்லை. நம் கடைத்தெருத் தையற்காரர்களில் பெரும்பாலோர் யார் என்று பாருங்கள்.

கையுறை நெருப்பைத் தாங்கும் கவசம் அன்று. சுடருக்கு மேல் கையை நீட்டக் கூடாது. எண்ணெய் ஊறிய உறை எளிதில் தீப்பற்றும்; துவைத்து நன்கு உலர்த்திய பின்னரே பயன்படுத்துக. பருத்தியினூடே நீராவி புகுந்துவிடும் ஆதலால், இட்லிக் கொப்பரையைத் திறக்கும்போது மூடியின் அப்புறத்தை முதலில் உயர்த்தி ஆவியை நமக்கு எதிர்ப்புறமாகப் போகவிட வேண்டும். பலமுறை துவைத்துத் துவாலை தட்டையாகிவிட்டால் அந்த உறை ஓய்வு பெறட்டும்.

எல்லாம் செய்தும் சுட்டுவிட்டால், புண்பட்ட இடத்தை ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்ட வேண்டும். வளையல், மோதிரங்களை வீக்கம் காணுமுன் கழற்றுக. பனிக்கட்டி, பற்பசை, மை, மாவு ஆகியவற்றைப் பூசலாகாது. தோலில் ஒட்டிய துணியைப் பிய்க்காமல் மருத்துவரிடம் செல்க.

மொழி அறிவோம்

கை + உறை = கையுறை. இடையில் வந்த 'ய்' உடம்படுமெய். கைக்கு உறை என விரிவதால் இது நான்காம் வேற்றுமைத்தொகை. சங்க அக இலக்கியத்தில் இச்சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. தலைவன் தலைவிக்கெனக் கொண்டுவரும் தழை, மலர் முதலிய பரிசைக் கையுறை என்பர். தோழி அதனை ஏற்க மறுப்பதைக் 'கையுறை மறுத்தல்' என்பர்.

சொற்பொருள்: கவடு – பிரியும் இடம்; ஓட்டுத்தையல் – ஊசியை மேலும் கீழுமாக ஓட்டி இடும் தையல்; கெட்டித்தையல் – பின்னோக்கி வந்து முன்செல்லும் உறுதியான தையல்.

பயிற்சி

1. ஈரத்துணியால் சூடான பாத்திரத்தைப் பிடிப்பது ஏன் ஆபத்தானது? பாடத்தின் துணைகொண்டு விளக்குக.

2. வடிவம் வெட்டுமுன் அடுக்குகளைத் தைத்துவிட வேண்டும் என்பதற்குக் காரணம் எழுதுக.

3. உங்கள் வீட்டிலும் அண்டை வீட்டிலும் சூடான பாத்திரத்தை இறக்கப் பயன்படும் பொருள்களுக்கு எந்தெந்த மொழியில் என்னென்ன பெயர் வழங்குகிறது எனக் கேட்டு எழுதுக.

4. செய்து பார்க்க: ஒரே அளவான மூன்று குவளைகளில் சம அளவு வெந்நீரைப் பெரியவர் துணையுடன் ஊற்றுக. ஒன்றை ஒற்றைத் துணியாலும், ஒன்றை உலர்ந்த நான்கு மடிப்புத் துணியாலும், ஒன்றை நனைத்த நான்கு மடிப்புத் துணியாலும் சுற்றுக. 10 நிமிடம் கழித்து ஒவ்வொன்றின் வெப்பத்தையும் வெப்பமானியால் அளந்து குறித்து, கண்டதை ஐந்து தொடர்களில் எழுதுக.