ஏட்டுக் கணக்கில் பங்கு வியாபாரம்

பங்கு வாங்க விரும்பும் அங்கத்தினர்கள் முதலில் ஏட்டில் வாங்கிப் பழகுதல் நன்று என்பது எமது கருத்து. பங்கின் பெயர், தேதி, அன்றைய முடிவு விலை, வாங்கும் காரணம் ஆகியவற்றைக் குறித்து வருக. காரணம் எழுதாத ஏடு சூதாட்டக் குறிப்பேயாகும்.

செலவையும் கழிக்க வேண்டும். ரூ. 100 வீதம் 100 பங்குகளை ஏட்டில் வாங்கி, சில நாள் வைத்திருந்து, ரூ. 101-க்கு விற்றதாகக் கொள்வோம். லாபம் ரூ. 100. ஆனால் பங்குப் பரிவர்த்தனை வரி வாங்குகையிலும் விற்கையிலும் நூற்றுக்குப் பத்துப் பைசா, ஆக ரூ. 20 அதிலேயே போயிற்று. தரகும் முத்திரைத் தீர்வையும் வேறு.

பியூச்சர், ஆப்ஷன் பேரங்களை ஏட்டிலும் தொட வேண்டாம். 2021-22 முதல் 2023-24 வரை அவற்றில் இறங்கிய தனிநபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டமடைந்ததாக 'செபி' 2024-ல் கணக்கிட்டது.

நாமும் ஓர் ஏடு வைத்துப் பார்த்தோம். விலை இறங்கிய நாட்களில் எழுத மறந்திருந்தோம்! ஏட்டு நஷ்டம் உறக்கத்தைக் கெடுப்பதில்லை. பாவு நூலுக்கு வைத்த பணம் கரையும்போது மனம் அவ்வாறிராது. ஆகையால் ஆறு மாதம் எழுதியபின், மிச்சப் பணத்தில் ஒரே ஒரு பங்கை மெய்யாக வாங்கி, அதே ஏட்டில் அடுத்த வரியில் பதிக.