வீட்டுத் தோட்டத்தில் ஏலச் செய்கை

ஏலம் காட்டு மரங்களின் கீழ் வளரும் பல்லாண்டுப் பயிராகும். மலைநாட்டில் கமக்காரர் சிலர் இதனை வெயில் நிலத்தில் நட்டு இழக்கின்றனர். வேறு சிலர் அடர்ந்த இருளில் நட்டு, காய் காணாது சலிப்படைகின்றனர். நிழலை அளவாக வைத்துக் கொள்வதே ஏலச் செய்கையின் முதற் பாடமாகும்.

காடும் தோட்டமும்

முற்காலத்தில் நக்கிள்ஸ் மலைத்தொடரின் காடுகளில் பெரிய மரங்களை விட்டு, கீழ்வளரும் செடிகளையும் மரக்கன்றுகளையும் வெட்டியகற்றி ஏலம் நடப்பட்டது. முதிர்ந்த மரம் விழுந்தபோது அதன் இடத்தை நிரப்ப இளமரம் இல்லாது போயிற்று. மண்ணும் அரிக்கப்பட்டது. அக்காடு 2000ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010ஆம் ஆண்டில் இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்ந்தது. ஆகவே, ஏலத்தை நாடிக் காட்டுக்குச் செல்லாது, காட்டின் நிழலை எமது தோட்டத்தில் அமைத்துக் கொள்வதே தக்கது. பலா நிற்கும் தோட்டத்தில் இது கடினமன்று.

இடமும் வகையும்

கடல் மட்டத்திலிருந்து 600 மீற்றருக்கு மேற்பட்டதும், ஆண்டில் 1,500 மில்லிமீற்றருக்குக் குறையாத மழை பெறுவதுமான இடம் வேண்டும். மண் இலையுக்கல் நிறைந்ததாயும் நீர் தேங்காததாயும் இருத்தல் அவசியம். பூந்துணர் நிலத்திற் படரும் மலபார், நிமிர்ந்து நிற்கும் மைசூர், இடைநிலையான வழுக்கை என மூவகை உண்டு. உயர்ந்த இடங்களுக்கு மைசூர் வகை பொருந்தும்.

நிழல்

நண்பகலில் மரத்தின் கீழ் நின்று நிலத்தைப் பாருங்கள். வெயிலும் நிழலும் ஏறக்குறையச் சரிபாதியாக விழுந்தால் அது போதிய நிழலாகும். இலைகள் மஞ்சளித்து ஓரங் கருகினால் வெயில் மிகுதி. செடி நெடிதுயர்ந்து பூக்குறைந்தால் நிழல் மிகுதி என அறிக. மழைக்காலந் தொடங்குமுன் மேலதிகக் கிளைகளை வெட்டுக, கோடையில் வெட்டலாகாது. நிழல் குறைந்த இடத்தில் முள்முருக்கு அல்லது கிளிரிசீடியாவை முன்னதாகவே நட்டு வளர்க்கவேண்டும்.

நடுகை

2 அடி அகல நீளமும் 1½ அடி ஆழமுமான குழிகளை, 8 அடி இடைவெளியில் வெட்டி, மேல்மண்ணும் கூட்டெருவும் கலந்து நிரப்புக. முதிர்ந்த தண்டு ஒன்றும் இளங்குருத்து ஒன்றுங் கொண்ட கிழங்குத் துண்டை, மழை தொடங்கியதும் நடலாம். கிழங்கை ஆழப் புதைத்தால் அது அழுகும். மேலாக வைத்து மண்ணணைத்து, காற்றில் ஆடாதவாறு தடியிற் கட்டுக. ஏலத்தின் வேர்கள் மேல்மண்ணிலேயே பரவுவதால் ஆழக் கொத்துதல் தீது. களையைக் கையாற் பிடுங்கி, சருகுகளை அடியிற் பரப்புக. பூக்குங் காலத்தில் சருகைப் பூந்துணரின் மேலிருந்து சிறிது ஒதுக்கிவிடுதல் வேண்டும்.

காவல்

இலையில் நரம்பு வழியே வெளிர்ப்பச்சைக் கோடுகள் தோன்றின் அது சித்திரவடிவ நோயாகும். இதற்கு மருந்தில்லை, அழுக்கணவன் பூச்சி மூலம் பரவும். நோயுற்ற புதரைக் கிழங்குடன் தோண்டி அழிக்கவேண்டும். அதிலிருந்து நடுகைத் துண்டு எடுக்கலாகாது. ஏலப்பூ ஒரு நாளே விரிந்திருக்கும். அந்நாளில் தேனீ வந்தாற்றான் காய் பிடிக்கும். ஆதலாற் பூக்கும் பருவத்திற் பூச்சிநாசினி தெளித்தலைத் தவிர்க்குக.

அறுவடை

மூன்றாம் ஆண்டளவிற் காய்க்கத் தொடங்கும். காய்கள் ஒருங்கே முதிர்வதில்லை. மாதமொரு முறை தேர்ந்து, கத்தரிக்கோலால் காம்புடன் வெட்டுக. விதை கறுத்து, தோல் இன்னும் பச்சையாக இருக்கும் நிலையே உகந்தது. பழுக்க விட்டால் உலரும்போது வெடிக்கும். கடும் வெயிலிற் போட்டால் பச்சை நிறம் வெளுத்து விலை குறையும். மெல்லிய சூட்டில் புகையின்றி உலர்த்துக. 1 கிலோகிராம் உலர்ந்த ஏலம் பெற 4 முதல் 5 கிலோகிராம் வரை பச்சைக்காய் வேண்டும்.

புதிதாகத் தொடங்குவோர் பலா மரத்தடியிற் பத்துப் புதர்களை நட்டு ஈராண்டு கவனித்தல் நன்று. தோட்டத்தின் நிழலை அறிந்த பின்னரே செய்கையைப் பெருக்குக. ஐயம் ஏற்படின் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரை அழைத்துத் தோட்டத்தைக் காட்டுங்கள்.